விட்டுவிட்டுப் போகும் கோடு

உட்காருங்கள் சார், தாராளமாக இடம் இருக்கிறது. பையை மேலே போட்டுவிடுங்கள். அந்த நீளக் குழாயைக் கொடுத்தால் நான் ஜன்னல் பக்கம் சாய்த்து வைக்கிறேன். வேண்டாமா? சரி, உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

உள்ளே என்ன? காலண்டரா. ஐப்பசியிலேயே காலண்டர் அடித்துவிடுகிறார்களா? இருக்கலாம், ஆர்டர் பிடிக்க சாம்பிள் வேண்டுமே. நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதே மாதிரி கறுப்புக் குழாய், இதே மாதிரி தோளில் மாட்ட வார், போன மாசியில் எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு பெண் மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் வந்ததால்தான் நான் இன்றைக்குக் காலையிலிருந்து வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இந்த பஸ் ரூட்டில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் பேர் ஷர்மிளா. ஏதோ யுனிவர்சிட்டி. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். ஹெட்மாஸ்டர் வீட்டு மாடியில் தங்கினாள். வந்த மறுநாள் காலையில் தாண்டவராயன் டீக்கடையில் அந்தக் குழாயைத் திறந்து, பெஞ்சின்மேல் மேப்பை விரித்தாள். நாலு மூலைக்கு நாலு டீ கிளாஸ். இரண்டு மேப்பு, சார். ஒன்று வெள்ளைக்காரன் காலத்தில் அளந்தது, 1915. இன்னொன்று 1972. இப்போது இருப்பதை போனில் வைத்திருந்தாள். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து நூறு வருஷத்தில் ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று எழுதப்போகிறாளாம். எழுதி? "டாக்டர் பட்டத்துக்குங்கய்யா" என்றாள். யாராவது டாக்டர் பட்டத்துக்காக எங்கள் ஊருக்கு வருவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாரும் குனிந்துவிட்டார்கள். நீலப் புள்ளி கிணறு. நீலத் திட்டு ஏரி, குட்டை. பச்சைச் சின்னம் தோப்பு. "இதோ பாரு, புளியந்தோப்பு இருக்குது. எங்க தாத்தா வித்துக் குடிச்ச தோப்பு" என்று ஒருத்தன். "உங்க தாத்தாவைப் போட்டிருக்குதா பாரு, தோப்புக்குள்ள படுத்திருப்பாரு" என்று தாண்டவராயன். ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நான் எங்கள் கொல்லையைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தும் விட்டேன்.

கொல்லைக்குக் குறுக்கே ஒரு கோடு, சார். முழுக் கோடு இல்லை. விட்டுவிட்டுப் போகும் கோடு, எறும்பு வரிசை மாதிரி. இரண்டு மேப்பிலும் இருந்தது.

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் காலனி கிழக்கே, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. காலனிக்காரர்களின் சுடுகாடு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம். நடுவில் என் கொல்லை, ரெண்டே முக்கால் ஏக்கர். வருஷா வருஷம் மல்லாட்டைதான் போடுகிறேன், நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். வீடும் அங்கேயேதான். காலனியில் யாராவது செத்தால் தெற்கே ஓடையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்து அப்படித்தான். நேராகப் பாதை இருந்ததா என்று கேட்டால், எங்கள் நைனா இருந்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அந்தப் பெண் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இடித்தது. கிணறு கேட்டாள், குட்டை கேட்டாள், தோப்பு கேட்டாள். கோட்டை மட்டும் கேட்கவில்லை. எதற்காக வந்திருக்கிறாளோ அதைக் கடைசியில்தானே கேட்பார்கள்?

"எந்த ஊரும்மா?"

"சேலம் பக்கங்கய்யா."

"சேலத்துல எங்க?"

"டவுன்லயேதான்."

"அப்பா?"

"பஸ் டிரைவர்."

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியாது. யார் வீட்டுப் பெண் என்று பிடிபடவே இல்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, அதுவும் ஸ்டிக்கர். காலனியிலும் சாப்பிட்டாள், ஹெட்மாஸ்டர் வீட்டிலும் சாப்பிட்டாள், எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் மோர் குடித்தாள். ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. அப்படி ஒரு ஆளை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

யோசித்தேன். அவளைத் தனியாக விட்டால் காலனிக்காரன் எவனாவது கையைப் பிடித்து என் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்துவான். அதனால் நானே கூடப் போவது என்று முடிவு செய்தேன். ஒன்பது நாள் நடந்தேன், சார். ஐம்பத்தாறு வயசு, முழங்கால் வலி. ஊரில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். "துரைக்கண்ணு அண்ணன் டாக்டர் ஆயிட்டுத்தான் ஓய்வாரு போல" என்று தாண்டவராயன் கிண்டல் பண்ணினான். வடக்கே கூட்டிப்போனேன். ஏரிக்கரை முழுக்க நடத்தினேன். தூர்ந்துபோன குட்டை மூன்றைக் காட்டினேன். நாற்பத்திரண்டு கிணற்றை எண்ணினோம், அதில் தண்ணீர் இருந்தது ஐந்து. அவள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். பொய் சொல்லக்கூடாது, எனக்கே கொஞ்சம் பிடித்துப்போனது. தேவசமுத்திரத்தான் கிணறு என்று நான் சின்ன வயசில் கேட்ட பேரை அந்த நீலப் புள்ளியில் பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் நான் ஏமாறவில்லை. நடுநடுவே சொல்லிக்கொண்டே வந்தேன். "இந்த மேப்பெல்லாம் நம்ப முடியாதும்மா. வெள்ளக்காரன் குதிர மேல உக்காந்து போட்டது."

"இல்லீங்கய்யா, சங்கிலி வச்சு அளந்து, உயரமெல்லாம் பாத்துப் போட்டிருக்காங்க."

"போட்டவன் நம்ம ஆளுதானே? காசு குடுத்தா கோட்ட எப்படி வேணும்னாலும் இழுப்பான்."

சிரித்தாள். "நூறு வருஷம் முன்னாடி உங்க ஊர்ல ஒரு குட்டைக்கு யாருய்யா காசு குடுத்திருப்பாங்க?"

நான் குட்டையைச் சொல்லவில்லை. அவளுக்கு அது புரிந்ததா, புரியாத மாதிரி நடித்தாளா, இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று. வெயில். மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு கல் கிடக்கும், என் வீட்டுக்காரி பச்சையம்மா துணி துவைக்கிற கல். அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்க வேண்டாமா? விரலால் தடவிப் பார்த்தாள். கல்லின் நடுவில் கைப்பிடி அரிசி கொள்கிற மாதிரி ஒரு குழி உண்டு.

"இது என்னங்கய்யா குழி? பழைய கல்லா இருக்கே."

"எங்க தாத்தா காலத்து செக்குக் கல்லும்மா" என்றேன்.

செக்குக் கல் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் யாரோ நான் யாரோ. அது பாடை இறக்குகிற கல். காலனியில் ஒரு வழக்கம். சுடுகாட்டுக்குப் பாதி வழியில் பாடையை ஒரு கல்மேல் இறக்கி, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி, குழியில் ஒரு பிடி அரிசி போட்டுவிட்டுத் தூக்குவார்கள். செத்தவருக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழி தெரியக்கூடாதாம். அந்தக் கல் எங்கள் கொல்லை நடுவில் இருந்தது. நைனா வேலி போட்ட வருஷம் அதை மாடு கட்டி இழுத்துக் கொட்டகைப் பக்கம் போட்டுவிட்டார். எழுபத்தாறோ எழுபத்தேழோ. எனக்கு எட்டு வயசு. முள் கிளையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தது நான்தான், அதனால் நன்றாக ஞாபகம்.

என்ன பார்க்கிறீர்கள்? பாதையே இல்லையென்று சொன்னேனே என்றா? பாதை இருந்தது என்று நான் இப்போதும் சொல்லவில்லை. கல் இருந்தது என்றுதான் சொன்னேன்.

அவள் அந்தக் கல்லை போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். ஊரைவிட்டுப் போகவில்லை, "இன்னும் ரெண்டு நாள் இருக்கேங்கய்யா" என்றாள். கல்லைப் பார்த்த பிறகு ரெண்டு நாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், யோசனை தப்பில்லை. பாதி வழியில்தானே கல் இருக்கும்? கல் எங்கே இருக்கிறதோ அதுதான் வழி. அது ஓடைக்கரையில் கிடந்தால், ஆதியிலிருந்தே வழி ஓடை வழியாகத்தான் என்று ஆகிவிடும். மேப்பில் இருக்கிற கோடு குதிரைமேல் உட்கார்ந்து போட்ட கோடு ஆகிவிடும். மறுநாள் மத்தியானம், ஊர் அடங்கிக் கிடக்கிற நேரத்தில், மச்சானைக் கூப்பிட்டு, கடப்பாரை போட்டு நெம்பி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் ஓடைக்கரையில், மேடாக இருக்கிற இடத்தில் மண்ணை வெட்டிப் பதித்துவிட்டு வந்தேன். பழசாகத் தெரியட்டும் என்று மேலே ரெண்டு கூடை சேறு.

பச்சையம்மா கத்தினாள். "கல்ல எங்க? இனிமே துணிய ஒம்முதுகுல போட்டுத் தொவைக்கறதா?"

அது என்ன கல் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு உள்ளே போனாள். இருபத்தெட்டு வருஷமாக அதில் துவைத்தவள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. துணி துவைக்கச் சிரமமாக இருந்திருக்கும். டவுனுக்குப் போய் ஒரு துவைக்கிற கல் வாங்கி வந்து போட்டேன். அதைத் தொடக்கூட இல்லை. இப்போதும் வாளியில் ஊறவைத்துக் கையால்தான் கசக்குகிறாள்.

கன்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனி ஆள், என் வயசு. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். அவன் அப்பா எங்கள் நைனாவை 'சாமி' என்பார். இவன் என்னை ஐயா என்றும் சொல்லமாட்டான், அண்ணா என்றும் சொல்லமாட்டான். 'இன்னாங்க' என்பான். அவ்வளவுதான். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் கவனிப்பேன்.

ரெண்டு வருஷம் முன்னால் கார்த்திகையில் அவன் அம்மா செத்துப்போனாள். நாலு நாள் மழை. ஓடை நுரைத்துக்கொண்டு போகிறது. விடிந்ததும் வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

"இன்னாங்க, ஓடையில மாரளவு தண்ணி. இன்னிக்கு மட்டும் ஒரு பாடை போற அகலத்துக்கு வேலிய ஒதுக்கிக் குடுத்தா, நாங்களே திருப்பிக் கட்டிக் குடுத்துர்றோம்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, சார். மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "தம்பிய ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன் கன்னியப்பா, கூட்டுப் பட்டா" என்றேன். தம்பி பூந்தமல்லியில் இருக்கிறான். போன் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். அடித்தேனா என்று கேட்டால், அடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கன்னியப்பன் பதினொரு மணி வரைக்கும் நின்றான். அப்புறம் போய்விட்டான். மத்தியானம் நான் மோட்டார் கொட்டகையில் அந்தக் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். ஓடைப் பக்கம் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுபோனது. எனக்குத் தெரிந்துவிட்டது. கல் இல்லாததால், பாதி வழி என்று தண்ணீருக்கு நடுவில் பாடையைத் தோளில் வைத்தபடியே திருப்பப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தன் கால் வழுக்கிவிட்டது. பாடையில் இருந்தவள் தண்ணீரோடு தாழம்புதரில் போய்த் தங்கியிருந்தாளாம். எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதற்கு நான் என்ன செய்யமுடியும்? மழை என் கையிலா இருக்கிறது? பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன் என்னை நானே. துரைக்கண்ணு, நீ செய்தது சரியா? பதில் வருவதற்குள் வேறு வேலை வந்துவிடுகிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். நான் பதித்த மறுநாள் காலையில் கன்னியப்பன் வந்தான். தனியாக இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர். பொம்பளைகளும் இருந்தார்கள். நான் கடப்பாரையை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டேன். வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு துண்டு.

"அண்ணா" என்றான்.

கேட்டீர்களா? அன்றைக்குத்தான் அண்ணா என்றான்.

"அண்ணா, காலைல ஆடு ஓட்டிப்போன கெழவிங்க பாத்துட்டு ஓடியாந்து சொன்னாங்க. சேத்தக் கழுவிப் பாத்தோம். நம்ம கல்லுதான். ஒங்க கொல்லையிலேர்ந்து எடுத்தாந்து கரையில மேடா வச்சிருக்கீங்க. இனிமே எங்க ஆளுங்கள தண்ணிக்கு நடுவுல திருப்ப வேணாம். கரையிலயே எறக்கிக்கலாம். எங்கம்மாவுக்குத்தான் குடுத்து வைக்கல." துண்டை வேலிக்கு மேலாக நீட்டினான்.

நான் என்ன சொல்வது? நான் வைக்கவில்லை என்பதா? டிராக்டர் தடம் என் கொட்டகையிலிருந்து ஓடைவரைக்கும் கோடு போட்ட மாதிரி கிடக்கிறது. வாங்கிக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் வாங்கித்தான் இருப்பார்கள். "பரவால்ல கன்னியப்பா, நம்ம ஊரு ஜனம்" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு கிழவி கும்பிட்டாள். பச்சையம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். பேப்பர் கப்பில்தான். இப்போது எல்லா இடத்திலும் பேப்பர் கப்தானே.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஷர்மிளா. கையில் போன், தோளில் குழாய்.

"ஐயா, செக்குக் கல்லுன்னு சொன்னீங்களே."

"ஆமா. அதுவும்தான்" என்றேன்.

"கன்னியப்பன் அண்ணா, இந்தக் கல்லு மொதல்ல எங்க இருந்தது?"

அவன் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, மல்லாட்டைச் செடிக்கு நடுவில் ஒரு இடத்தைக் காட்டினான். மண்ணைப் பார்க்காமலே காட்டினான், சார். அவனுக்கும் அப்போது எட்டு வயசுதானே இருந்திருக்கும். அவள் போனைப் பார்த்தாள். குழாயைத் திறந்தாள். என் வேலி ஓரத்திலேயே மேப்பை விரித்தாள். விரலை வைத்தாள். பத்து நாளாகத் தொடாத இடத்தில் வைத்தாள்.

"அப்ப இந்தக் கோடு சுடுகாட்டுப் பாதையா? நான் ஏரிக்குத் தண்ணி போற வாய்க்காலோன்னு குழம்பிக்கிட்டிருந்தேன். கேக்கணும்னு நெனச்சேன், நீங்க வடக்கயே கூட்டிட்டுப் போயிட்டீங்க."

அவள் சொன்னதை நம்புகிறீர்களா? மேப்பு படித்த பெண்ணுக்கு வாய்க்காலுக்கும் பாதைக்கும் வித்தியாசம் தெரியாதா? நான் நம்பவில்லை. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இது ஆரம்பத்திலிருந்தே போட்ட திட்டம். அவள் கோட்டைக் கேட்காமல் இருந்தது திட்டம். கல்மேல் உட்கார்ந்தது திட்டம். கல்லை நகர்த்தியது? அது நான்தான். ஆனால் நகர்த்த வைத்தது யார்?

அவள் போகும்போது மேப்பின் நகலை எல்லாருக்கும் கொடுத்தாள். டீக்கடைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. மூலையில் 'வழிகாட்டிய துரைக்கண்ணு ஐயாவுக்கு, நன்றியுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தாண்டவராயன் அவனுடையதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டான். காலனிக்காரர்கள் அவர்களுடையதை மனுவோடு வைத்து அனுப்பிவிட்டார்கள். வருகிற புதன்கிழமை தாலுக்காவிலிருந்து அளக்க வருகிறார்கள். ஆறடி அகலம் கேட்டிருக்கிறார்கள், கொல்லைக்கு நடுவில்.

இன்றைக்கு வக்கீல் எல்லாத்தையும் கேட்டார். "பட்டா சுத்தமா இருக்கு. இந்த மேப்ப வச்சு ஒங்க நெலத்துல ஒருத்தனும் கால் வைக்க முடியாது. நாப்பத்தெட்டு வருஷமா யாரும் நடக்கல, கேஸு நிக்காது" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் மனுவைப் புரட்டினார். அதில் கன்னியப்பன் எழுதியிருக்கிறான்: துரைக்கண்ணு அவர்கள் தாமே முன்வந்து எங்கள் கல்லைத் தம் நிலத்திலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனிதர், பாதையையும் கொடுப்பார் என்று நம்புகிறோம். கீழே பதினேழு கையெழுத்து, துண்டு வாங்குகிற போட்டோ ஒன்று.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "கல்ல யாருங்க நவுத்தச் சொன்னது?"

நான் யாரைச் சொல்வது?

அந்த 'நல்ல மனிதர்' இருக்கிறதே, அதைத்தான் யோசித்துக்கொண்டே வருகிறேன். அவன் நிஜமாகத்தான் எழுதினானா, குத்துவதற்கு எழுதினானா? அன்றைக்கு அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது, நான் பார்த்தேன். ஆனால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. சேறு பூசியதைக் கழுவியவனே அவன்தானே? பழைய கல்லுக்குப் புதுச் சேறு ஏன் என்று யோசித்திருக்க மாட்டானா? இப்போது வழியில் பார்த்தால்கூட அண்ணா என்கிறான். முன்பு மாதிரி இன்னாங்க என்றே சொல்லித் தொலைக்கலாம்.

வக்கீல் முடிவாக என்ன சொன்னார் தெரியுமா? "ஆறடிய நீங்களே குடுத்துட்டா மரியாதையாப் போயிரும்" என்றார். அவரும் அப்படிச் சொல்கிறார். அவருக்கு சேலத்தில் யாராவது சொந்தம் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

கண்டக்டர் விசில் கொடுக்கிறார். காலனி ஸ்டாப். நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். என் ஸ்டாப் அடுத்தது, ஊருக்குள். ஆனால் நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது, நான் எங்கே இறங்குகிறேன் என்று ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரிப்படவில்லை. அந்தக் குழாயை நீங்கள் ஏறியதிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. திறந்து காட்ட வேண்டாம். காட்டினால் மேலே காலண்டர்தான் இருக்கும்.

காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழை வலுத்துவிட்டது. இங்கேயிருந்து நேராகப் போனால் வீடு பத்து நிமிஷம். ஆனால் காலனிப் பக்கம் முழுக்க என் வேலி இருக்கிறது. இந்த வைகாசியில்தான் புது முள் வெட்டி நானே அடைத்தேன், ஆட்டுக்குட்டிகூட நுழையாது. ஓடையில் இறங்கிச் சுற்றித்தான் போகவேண்டும்.

நீங்கள் சற்று முன்னால் ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலில் பார்த்துக்கொண்டு வந்தீர்களே, சார். ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?